முடிச்சுச் சாயக் கூடல்: தோட்டப்புற ஊரில் குழுவாகச் சட்டைக்குச் சாயமிட ஒரு முழுமையான வழிகாட்டி

டை-டை என்று இளையோர் அழைக்கும் முடிச்சுச் சாயச் சட்டைகளை ஒரு குழு கூடிச் செய்யும்போது, வந்தவர்கள் செலவிடும் நேரம் இரண்டரை மணி மட்டுமே. வேலையோ மூன்று நாள்களில் பரவிக் கிடக்கிறது. முதல் நாள் துணியையும் சாயத்தையும் ஆயத்தப்படுத்த வேண்டும். இரண்டாம் நாள் கட்டிச் சாயம் ஊற்ற வேண்டும். மூன்றாம் நாள் அலசித் துவைக்க வேண்டும். நடுநாளை மட்டும் திட்டமிட்டுவிட்டு மற்ற இரண்டையும் அவரவர் போக்குக்கு விட்டுவிட்டால், சட்டைகள் இரண்டாம் சலவையிலேயே வெளிறிப் போகும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரையும், ஏறக்குறைய 24 பேரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தமிழ்ப்பள்ளி விளையாட்டு இல்லங்களின் சட்டைகள், கோயில் இளைஞர் குழுவின் விடுமுறை நிகழ்ச்சி, தோட்டத்தை விட்டுப் பல ஊர்களுக்குப் பிரிந்துபோன குடும்பங்களின் ஒன்றுகூடல் ஆகிய எதற்கும் இது பொருந்தும்.

நாளும் இடமும்

சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பது நல்லது. பேராக் உட்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்யும் என்பதால், பிற்பகலை நம்பி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை சாயமிட்டால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், துவைப்பதற்கும் நேரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயமிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கும் வேலைக்கும் ஓடும் அவசரத்தில் ஈரச்சட்டை பையிலேயே கிடந்து பூசணம் பிடிக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, பாலாய் ராயா எனப்படும் ஊர்ப் பொதுமண்டபத்தின் முன்தாழ்வாரமோ பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பக்கவாட்டுக் கூரையோ போதும். கூரை, சிமெண்டுத் தரை, அருகில் தண்ணீர்க் குழாய், கை கழுவத் தனி இடம் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கோயில் வளாகத்தில் நடத்துவதாக இருந்தால் மண்டபத்தைத் தவிர்த்து, பின்புறச் சமையல் கொட்டகைப் பக்கம் அனுமதி கேட்பதே முறை. அங்கும் கோயிலின் அண்டா, குண்டான்களைத் தொடக் கூடாது. சாயத்துக்குப் பயன்பட்ட எந்தப் பாத்திரமும் அதன் பிறகு உணவுக்கு ஆகாது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா நீர் அரிக்கும் என்பதால், சாய வேலைக்கு என்றேகூட அதை எடுக்க வேண்டாம்.

தண்ணீர் வெட்டு அறிவிப்பு உண்டா என்பதையும் அந்த வாரத்தில் கவனிக்க வேண்டும். சாயமிடும் நாளில் தண்ணீர் அதிகம் செலவாகாது. அலசும் நாளில்தான் ஒவ்வொரு வீட்டிலும் வாளி வாளியாகத் தேவைப்படும்.

துணி

இந்த வேலையில் பாதி வெற்றி துணியைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. சாயம் பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணைவதால் நிறம் நிலைக்கிறது. பாலியெஸ்டரோடு அது பிணைவதே இல்லை. ஆகவே பளபளப்பான விளையாட்டு ஜெர்சிகள், நிகழ்ச்சிகளில் இலவசமாகக் கொடுக்கப்படும் மெல்லிய மைக்ரோஃபைபர் சட்டைகள் ஆகியவற்றை யாரும் கொண்டுவராதபடி அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாதிக்குப் பாதி கலந்த துணியில் நிறம் ஏறும், ஆனால் மங்கலாகத் தெரியும். முழுப் பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருப்பதால் தையல் கோடுகள் வெள்ளையாகவே நின்றுவிடும். அது சாயத்தின் குறையன்று.

துணி வகையைக் குறிக்கும் உள்பட்டை கிழிந்துபோன சட்டையில் ஐயம் எழுந்தால், ஓர் இழையைப் பிடுங்கிக் கல் தரையில் வைத்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்து, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இந்தச் சோதனையைப் பெரியவர்கள்தாம் செய்ய வேண்டும்.

முடிந்தால் சட்டைகளை ஏற்பாட்டாளரே மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. விலை சற்றுக் கூடினாலும், ஒரே வகைத் துணியில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான நிறம் கிடைப்பது பிள்ளைகளின் மனத்தாங்கலைத் தவிர்க்கும். சட்டை வேண்டாம் என்பவர்கள் தலையணை உறை, பருத்தித் துண்டு, கைக்குட்டை, துணிப்பை ஆகியவற்றைக் கொண்டுவரலாம். பாட்டிமார் பெரும்பாலும் துண்டைத்தான் விரும்புவார்கள். நான்கு மூலையும் சதுரமாக இருப்பதால் மடிப்பு அதில்தான் மிகத் திருத்தமாக அமையும்.

புதுத் துணியில் கஞ்சியும் மெருகுப் பொருளும் இருக்கும். அதை ஒருமுறை சவர்க்காரத் தூளிட்டுத் துவைத்துவிட வேண்டும். துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கக் கூடாது, அது இழையின் மேல் படலமாகப் படிந்து சாயத்தைத் தடுக்கும். பால்மரக் காட்டுக்குப் போட்டுச் சென்ற பழைய சட்டையாக இருந்தால், ரப்பர்ப் பால் உறைந்த கறைகளில் சாயம் ஏறாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சாயமும் சோடாவும்

கடையில் சிறு பொட்டலமாகக் கிடைக்கும் பலவகைத் துணிகளுக்கான பொதுச் சாயத்தைக் கொதிநீரில் கரைத்தே பயன்படுத்த முடியும். அதன் நிறமும் விரைவில் கழன்று போகும். குழு வேலைக்கு ஏற்றது தண்ணீரில் குளிர்நிலையிலேயே பருத்தியோடு பிணையும் வினைபுரி சாயம். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1956-இல் புரோசியான் என்ற பெயரில் இத்தகைய சாயத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வகையின் எம்எக்ஸ் பிரிவே இன்றும் டி-சட்டை வேலைக்கு மிகவும் தோதானது. நம் நாட்டில் கையால் மெழுகு வரைந்து சாயமிடும் பாத்தேக் தொழிலில் புழங்கும் ரெமசோல் சாயமும் வினைபுரி சாயமே. அவர்கள் அதைச் சோடியம் சிலிகேட் பூசி நிலைநிறுத்துவார்கள். பாத்தேக் பொருள்கள் விற்கும் கடையில் ரெமசோல்தான் கிடைத்தது என்றால் அதையும் சோடாவோடு பயன்படுத்தலாம். அது சற்று மெதுவாகப் பிணைவதால் முழுமையாக 24 மணி நேரம் ஊற விட வேண்டியிருக்கும். சிற்றூர்க் கடைகளில் இவை அரிது என்பதால், இரண்டு வாரம் முன்னதாகவே இணையவழியில் வரவழைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சாயம் பிணைவதற்குக் காரநிலை வேண்டும். அதைத் தருவது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. இட்லிக்கும் ஆப்பத்துக்கும் போடும் ஆப்பச் சோடா சோடியம் பைகார்பனேட் ஆகும். அதன் காரம் மிகவும் குறைவு, அப்படியே போட்டால் வேலைக்கு ஆகாது. சலவைச் சோடா கிடைக்காத நிலையில், ஆப்பச் சோடாவைத் துருப்பிடிக்காத எஃகுத் தட்டில் பரப்பி 200 பாகை செல்சியஸ் அடுப்பில் ஒரு மணி நேரம் சுட்டால், அது நீரையும் கரியமில வாயுவையும் இழந்து சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும் என்பதால், 700 கிராம் வேண்டுமானால் 1.1 கிலோவுக்கு மேல் சுட வேண்டும்.

சாயம் நிலைக்கக் கடைசியில் வினிகரில் முக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய வேறு சாயங்களுக்கே அது பொருந்தும். இங்கே வினிகரை ஊற்றினால் நாம் சேர்த்த காரத்தை அது முறித்து, நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடும். அன்போடு மறுத்துவிடுங்கள்.

24 நடுத்தர அளவுச் சட்டைகளுக்கு, 12 லிட்டர் தண்ணீரில் 700 கிராம் சோடா போதும். சாய நீர் சட்டைக்கு ஏறக்குறைய கால் லிட்டர் என்ற கணக்கில் மொத்தம் 6 லிட்டர் வேண்டும். மஞ்சள், கருஞ்சிவப்புச் சாயலுள்ள இளஞ்சிவப்பு, நீலப்பச்சை ஆகிய மூன்று நிறங்களில் ஒவ்வொன்றையும் 2 லிட்டராகக் கலந்துகொள்ளலாம். லிட்டருக்கு 25 கிராம் தூள் என்பது நல்ல அளவு. நீலப்பச்சைக்கு மட்டும் அதில் ஒன்றரை மடங்கு போட வேண்டும், ஏனெனில் அந்த நிறம் பிணைவதில் மற்றவற்றைவிட மெதுவானது. இந்த மூன்றிலிருந்தே பச்சை, செம்மஞ்சள், ஊதா ஆகியன துணியின் மேல் தாமாகப் பிறக்கும். எட்டுப் பத்து நிறங்களை வாங்கி அடுக்குவது செலவு மட்டுமன்று, கெடுதலும்கூட.

வெளிநாட்டுக் குறிப்புகள் சாய நீரில் யூரியா சேர்க்கச் சொல்கின்றன. துணி விரைவில் காயாமல் ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதன் முதன்மையான வேலை. பேராக்கின் காற்றில் அந்த ஈரப்பதம் இலவசமாகக் கிடைப்பதால், அதற்காகத் தோட்டத்து உரக்கொட்டகையில் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

முந்தைய மாலை

சாயத் தூளைத் தண்ணீரில் கரைப்பது விருந்தினர் வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தூளாக இருக்கும்போது அதை மூச்சில் இழுத்தால், சிலருக்கு நாளடைவில் கடுமையான ஒவ்வாமையும் இழுப்பும் உண்டாகும். கரைந்த பிறகு அந்த அபாயம் பெரிதும் நீங்கிவிடுகிறது. ஆகவே பெரியவர் ஒருவர், என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, ஈரத்தாள் விரித்த மேசையில் இதைச் செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் பிள்ளைகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது. தூளில் முதலில் சிறிதளவு தண்ணீர் விட்டுக் குழம்பாகக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்த்தால் கட்டி விழாது. தண்ணீர் சாதாரணக் குழாய் நீராக இருக்கட்டும், சூடு வேண்டாம். இந்தக் கட்டத்தில் சோடாவைச் சாய நீரில் சேர்த்துவிடக் கூடாது. சேர்த்தால் சாயம் துணிக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும்.

மீ கோரிங் கடைகளில் கிச்சாப் வைத்திருக்கும் கூர்மூக்குப் புட்டிகள் ஊற்றுவதற்கு மிகவும் வசதியானவை. அவை கிடைக்காவிட்டால் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளின் மூடியில் சூடேற்றிய ஆணியால் துளையிட்டுக்கொள்ளலாம். சோடா நீருக்கு வாளி தேடும்போது வீட்டில் கிடக்கும் பழைய ரப்பர்ப் பால் வாளி நினைவுக்கு வரும். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமோ, பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ அதில் பட்டிருக்கக்கூடும் என்பதால் நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் எடுக்க வேண்டாம். அத்தகைய வாளியை வெளுப்பானால் கழுவவே கூடாது. வெளுப்பான் அமிலத்தோடு சேர்ந்தாலும் அம்மோனியாவோடு சேர்ந்தாலும் நச்சுவாயு கிளம்பும்.

வேலையின் வரிசை

24 பேரை ஆறு ஆறு பேராக நான்கு மேசைகளில் அமர்த்தி, மேசைக்கு ஒரு பெரியவரைப் பொறுப்பாக்க வேண்டும். ஐந்தாவது பெரியவர் சோடா வாளியை விட்டு நகரக் கூடாது. எல்லோரும் பழைய உடையில் வந்திருப்பதையும், கையுறை அணிந்திருப்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு சட்டையின் கழுத்துப்பட்டையிலும் அழியாத மையால் பெயரை எழுதிவிட வேண்டும். சாயம் ஏறிய பிறகு எல்லாக் கட்டுகளும் ஒன்றுபோலவே தெரியும்.

முதலில் சோடா நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அதன் பிறகு மடிப்பதே பலர் பின்பற்றும் வரிசை. பிள்ளைகள் இருக்கும் குழுவில் அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. சோடா நீர் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் கெடுதல் செய்யும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சட்டையைப் பிள்ளைகள் மடித்துக் கட்டட்டும். கட்டிய உருண்டைகளை வாளிப் பொறுப்பாளர் வாங்கி, சோடா நீரில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, அரை மணி நேரம் ஊறவிடட்டும். இறுக்கமான கட்டின் நடுப்பகுதிக்குச் சோடா போய்ச் சேர அவ்வளவு நேரம் தேவை. ஒரே நேரத்தில் எல்லாம் வாளியில் கொள்ளாது என்பதால் இரண்டு தவணையாகப் போடலாம். அந்த இடைவெளியைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கினால் எல்லாம் ஒத்துவரும். நாசி லெமாக் பொட்டலமும் தேநீரும் சாய மேசைகளுக்கு எட்டாத தொலைவில் பரிமாறப்பட வேண்டும், கையுறையைக் கழற்றிக் கை கழுவிய பிறகே யாரும் உட்கார வேண்டும்.

மடிப்பும் கட்டும்

முதன்முறை செய்பவர்களுக்குச் சுருள் வடிவமே பொருத்தம். சட்டையை மேசையில் தட்டையாக விரித்து, நெஞ்சுப் பகுதியின் நடுவை இரண்டு விரலால் பிடித்து ஒரே திசையில் திருகிக்கொண்டே போனால், துணி மடிப்பு மடிப்பாகச் சுற்றி வட்டமான தட்டுபோல் ஆகும். மடிப்புகள் மேலே கிளம்பாமல் உள்ளங்கையால் அமுக்கிவிட வேண்டும். பிறகு மூன்று ரப்பர் வளையங்களை ஒன்றையொன்று மையத்தில் வெட்டும்படி போட்டால் ஆறு கூறுகள் கிடைக்கும். சுங்கை சிப்புட் இருக்கும் இதே மாவட்டத்தில், கோலாகங்சாரில் 1877-ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று அங்கே இன்றும் காட்டப்படுகிறது. ரப்பர் வளையத்துக்கு இந்த ஊரில் பஞ்சம் இருக்கக் கூடாது, ஆனாலும் தலைக்கு ஆறு வீதம் வாங்கி வையுங்கள், பிள்ளைகள் பாதியை விளையாட்டில் தொலைப்பார்கள்.

விசிறி மடிப்பு துண்டுக்கும் தலையணை உறைக்கும் ஏற்றது. சட்டையைக் கசக்கி உருட்டிக் கட்டுவது மிகச் சிறு பிள்ளைகளுக்குப் போதும். மேகம்போன்ற நல்ல வடிவம் அதிலும் கிடைக்கும்.

ஒரு மேசையையாவது புள்ளி வேலைக்கு ஒதுக்குங்கள். மதுரையில் சௌராட்டிரச் சமூகத்தினர் வழிவழியாகச் செய்துவரும் சுங்குடிச் சேலை இந்த முறையில் உருவாவதுதான். துணியை நுனியாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுகச் சுற்றிக் கட்டினால், கட்டிய இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மலாய்க்காரர்கள் செய்த பெலாங்கித் துணியும் கட்டிச் சாயமிடும் மரபைச் சேர்ந்ததே. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் போடும் முடிச்சை ஒரு காலைப்பொழுதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பச்சைப்பயற்றையோ கொண்டைக்கடலையையோ துணிக்குள் வைத்து அதைச் சுற்றிக் கட்டினால், பொறுமையுள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் முப்பது நாற்பது வளையப் புள்ளிகளை முடித்துவிடலாம். நூல் கட்டிப் பழகிய கைகள் நம் அம்மாக்களிடமும் பாட்டிமாரிடமும் இருக்கின்றன. பூக்கட்டத் தெரிந்தவர்களை இந்த மேசையில் உட்கார வையுங்கள்.

சாயம் ஊற்றுதல்

சோடாவிலிருந்து எடுத்த உருண்டையை வாளியின் மேலேயே நன்றாகப் பிழிய வேண்டும். நீர் சொட்டும் துணியில் சாயம் கரைந்து ஓடிவிடும். புட்டியின் மூக்கை மடிப்புக்குள் நுழைத்து, மேற்பரப்பை நனைப்பதோடு நிற்காமல் உள்ளே இறங்கும்வரை ஊற்றி, பிறகு கட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்திலும் அதே கூறுகளில் அதே நிறங்களை இட வேண்டும். மடிப்பை விரலால் சற்று விலக்கிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு வெள்ளை எஞ்சியிருக்கிறது என்று தெரியும். கொஞ்சம் வெள்ளை இருப்பது அழகு, பாதி வெள்ளையாக இருந்தால் இன்னும் ஊற்ற வேண்டும்.

மூன்று முதன்மை நிறங்களும் ஓரிடத்தில் கலந்தால் பழுப்புதான் கிடைக்கும். இதைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. ஊதா வரும் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சளையும், பச்சை வரும் இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பையும் வைக்காமல், நடுவே சிறிது வெள்ளை விட்டுவிட வேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் ஒரே நேரத்தில் இரண்டு புட்டிகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். சட்டைகள் குட்டையில் தேங்கிய சாயத்தில் ஊறாதபடி, கட்டிய உருண்டையைக் கம்பித் தட்டின் மேல் வைத்து ஊற்றுவதும், ஒருவர் முடித்ததும் மேசையைத் துடைப்பதும் பொறுப்பாளரின் வேலை.

பையும் மறுநாள் சலவையும்

ஊற்றி முடித்த கட்டை அவிழ்க்காமல், பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிக் கொடுக்க வேண்டும். துணி ஈரமாக இருக்கும்வரை மட்டுமே சாயம் பிணையும். காய்ந்துவிட்டால் அத்தோடு வேலை நின்றுவிடும். குளிர்நாடுகளில் இதற்காகப் போர்வை சுற்றிக் கதகதப்பான இடம் தேடுகிறார்கள். நம் ஊரின் 30 பாகைக்கு மேற்பட்ட பகல் வெப்பம் அந்த வேலையைத் தானே செய்கிறது. குளிரூட்டி அறையில் வைக்காமல், வீட்டின் பின்தாழ்வாரத்தில் மறுநாள் காலைவரை விட்டுவிட்டால் போதும். நீலப்பச்சை அதிகம் உள்ள சட்டைகளை முழு 24 மணி நேரம் விடலாம்.

துவைக்கும் முறையை ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதிப் பையோடு கொடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். முதலில் கட்டோடு ஓடும் குளிர்ந்த நீரில், சாயம் வடிவது குறையும்வரை அலச வேண்டும். பிறகு கட்டை அவிழ்த்து மறுபடியும் குளிர்ந்த நீரிலேயே அலச வேண்டும். சோடா முழுவதும் போவதற்கு இது. அதன் பின்னர்தான் சுடுநீர். பிணையாமல் இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் சாயம் 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டில்தான் நன்றாக வெளியேறும். சுடுநீர் இயந்திரம் இல்லாத வீட்டில், வாளியில் சட்டையைப் போட்டுக் கொதிநீரை ஊற்றி, குச்சியால் அமுக்கிவிட்டு, ஆறும்வரை விட்டு, இதை நீர் தெளியும்வரை திரும்பச் செய்யலாம். கொதிநீர் ஊற்றும் வேலை பெரியவர்களுடையது. கடைசியாகச் சவர்க்காரத் தூளிட்டுத் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். முதல் இரண்டு மூன்று சலவைகளில் பள்ளியின் வெள்ளைச் சீருடையோடு சேர்த்து இயந்திரத்தில் போடக் கூடாது. இந்த ஒரு வரியைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

எஞ்சியவை

மிஞ்சிய சாய நீரில் மிஞ்சிய சோடா நீரைக் கொஞ்சம் கலந்து ஓர் இரவு வைத்தால் சாயத்தின் வினைத்திறன் போய்விடும். மறுநாள் அதை நிறையத் தண்ணீரோடு கழிவறைக் குழாயில் விடலாம். லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், கொட்டினால் அது நேரே ஆற்றுக்குத்தான் போகும், ஊர் முழுதும் கேள்வியும் கேட்கும். தரையில் சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடைப்பதே எளிது.

சாயம் கலக்காத சோடா நீர் கெடுவதில்லை. மூடியிட்டு, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஒன்றிரண்டு சட்டைகளாவது வெளிறி வந்ததாகச் செய்தி வரும். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்லி, வேறு மடிப்பில் மறுபடியும் கட்டி, அதே சோடா நீரில் ஊறவைத்து, புதிதாக ஒரு கோப்பை சாயம் கரைத்து ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.